மரியபுஷ்பம் சொன்னது சொன்னபடி

சிம்பாங் அம்பாட்
6.3.2025

மொழிபெயர்ப்பாளர் அம்மா அவர்களுக்கு,

கடிதத்தின் தலையில் சிலுவை போட வேண்டும் என்று ரெனீ சொல்லிக் கொடுத்திருக்கிறாள். போட்டேன். கூட்டல் குறி போல வந்துவிட்டது. மன்னிக்கவும்.

என் பெயர் சவரிநாதன். வயது எழுபத்தொன்று. இதை நானே எழுதுகிறேன். யாரும் கை பிடிக்கவில்லை. போன வருடம் வரை எனக்குக் கட்டை விரல் உருட்டத்தான் தெரியும். மாதா கோயில் ஹாலில் ஞாயிறு பூசை முடிந்ததும் ரெனீ பெரியவர்களுக்குத் தமிழ் எழுத்துச் சொல்லித் தருகிறாள். ஏழு பேர் போகிறோம். என் முதல் கடிதத்தைச் சிங்கப்பூரில் வேலை செய்யும் மகன் யூஜினுக்கு அனுப்பினேன். "ஏம்ப்பா கஷ்டப்படுறீங்க, வாட்ஸ்அப்ல வாய்ஸ் அனுப்புங்களேன் லா" என்றான். அதனால் இரண்டாவது கடிதம் உங்களுக்கு. ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரம் ஆகிறது. ஆகட்டும்.

திங்கட்கிழமை பெரிய ஆஸ்பத்திரியின் பெண்கள் கிளினிக்கில் என் மனைவி மரியபுஷ்பத்துக்கு நீங்கள்தான் பேச வந்தீர்கள். டாக்டர் கேட்டதற்கு நான் பதில் சொல்லத் தொடங்கினேன். நீங்கள் கையை உயர்த்தி, "ஐயா, அம்மா பேசட்டும்" என்றீர்கள். எங்களுக்குக் கல்யாணமாகி நாற்பத்தாறு வருடம். மருந்துக் கடையிலும் போலீஸ் ஸ்டேஷனிலும் பள்ளிக்கூடத்திலும் அவளுக்கு நான்தான் வாய். அவளுக்கு மலாய் மொழியில் மீன் வாங்க மட்டும் தெரியும்.

அவள் பேசினாள். நீங்கள் "எனக்கு அறுபத்தெட்டு வயது" என்று டாக்டரிடம் மலாயில் சொன்னீர்கள். உங்களைப் பார்த்தால் அறுபது கூடத் தெரியவில்லையே என்று நினைத்தேன். பிறகுதான் அது அவள் வயது என்று புரிந்தது.

அதற்குப் பிறகு அவள் என்னைப் பார்த்து, "நீங்க வெளியில உட்காருங்க" என்றாள். என்னை! நாற்பது நிமிடம் உட்கார்ந்தேன். சுவரில் கடிகாரம் இருந்தது. அவள் வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது. கையில் ஒரு தாள். மலாயில் இருந்தது. எனக்குத் தமிழ் மட்டும்தான் படிக்க வரும். பஸ்ஸில் ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்கு வந்து சோறு வடித்தாள்.

அந்த நாற்பது நிமிடம் என்ன பேசினாள்? உங்கள் போன் நம்பரைத் தர மாட்டோம் என்று கவுண்டரில் சொல்லிவிட்டார்கள். எனவே எழுதுகிறேன். தயவுசெய்து பதில் எழுதவும்.

இப்படிக்கு,
சவரிநாதன்
(இதுவும் என் சொந்தக் கையெழுத்து)


புக்கிட் பெருவாங்
11.3.2025

மதிப்புக்குரிய திரு. சவரிநாதன் ஐயா அவர்களுக்கு,

கவுண்டரில் நீங்கள் கொடுத்த கடிதம் என் கைக்கு வந்தது. நோயாளிகளின் குடும்பத்தினருக்கு நான் தனியே எழுதுவது வழக்கமில்லை. மேற்பார்வையாளரிடம் கேட்டேன். நோயாளியின் விஷயம் எதையும் தொடாமல் எழுதலாம் என்றார். அந்த எல்லைக்குள் எழுதுகிறேன்.

அறைக்குள் பேசப்பட்டது உங்கள் மனைவிக்கும் டாக்டருக்கும் உரியது. அதை நான் வெளியே கொண்டுவர முடியாது. உங்களிடம் மட்டுமல்ல, என் கணவரிடம்கூடச் சொல்ல மாட்டேன்.

உங்களைத் தடுத்தது உங்கள் மனதை வருத்தியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். என் வேலையில் மூன்று கட்டளைகள் உண்டு. சொன்னதில் எதையும் விடக் கூடாது. எதையும் கூட்டக் கூடாது. சொன்னவர் "நான்" என்றால் நானும் "நான்" என்றே சொல்ல வேண்டும். அதனால்தான் அன்று எனக்கு வயது அறுபத்தெட்டு ஆனது. உண்மையில் ஐம்பத்தொன்பது.

நீங்கள் என்னிடம் கேட்டதை உங்கள் மனைவியிடம் கேட்டீர்களா?

உங்கள் எழுத்து தெளிவாக இருக்கிறது. முப்பது வருடம் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தேன். படித்தவர்களின் எழுத்தை வாசிக்க முடியாமல் தவித்ததுண்டு. உங்களுடையதைத் தடையில்லாமல் வாசித்தேன்.

அன்புடன்,
கிருஷ்ணவேணி விஜயரட்ணம்


சிம்பாங் அம்பாட்
17.3.2025

கிருஷ்ணவேணி அம்மா அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். "தெளிவாக இருக்கிறது" என்று எழுதியதை ரெனீயிடம் காட்டினேன். வகுப்பில் எல்லோரும் கை தட்டினார்கள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சந்தோஷம். வாசலில் மரியபுஷ்பத்தின் செருப்பைப் பார்த்ததும் அது போய்விட்டது.

அவளிடம் கேட்கவில்லை. எப்படிக் கேட்பேன்? அவள் என்னோடு சண்டை போடவில்லை. போட்டால் நல்லது. சாப்பாடு போடுகிறாள், துணி துவைக்கிறாள். ஒரு துணிப்பையில் இரண்டு கைலி, ஜெபமாலை, சீப்பு எல்லாம் எடுத்து வைத்திருக்கிறாள். பையைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டியிருக்கிறாள், ஆஸ்பத்திரிக்கா வேறு எங்காவது போகவா என்று தெரியவில்லை. ஒவ்வொரு முறை கதவைச் சாத்தும்போதும் அது ஆடுகிறது.

அம்மா, நான் ஒன்று எழுத வேண்டும். இதை எழுத மூன்று நாள் ஆனது.

நான் வேலை பார்த்த ரப்பர் தோட்டத்தில் எனக்குப் பேச்சுக்காரர் என்று பெயர். லயத்து வரிசை வீடுகளில் யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் கிளினிக்குக்குப் பேச என்னைத்தான் கூட்டிப் போவார்கள். பால் மரம் சீவி முடித்துக் குளித்துவிட்டு, நல்ல சட்டை போட்டுக்கொண்டு போவேன். அவர்கள் தமிழில் நீளமாகச் சொல்வார்கள். பாதி அழுகையாக இருக்கும். டாக்டருக்கு நேரம் இருக்காது. நான் அதைச் சுருக்கி மலாயில் இரண்டு வார்த்தையாகச் சொல்வேன். டாக்டர் மருந்து எழுதிவிடுவார். "சவரி போனா வேலை சட்டுனு முடியும்" என்பார்கள். எனக்குப் பெருமையாக இருக்கும்.

போன ஜூலையில் மரியபுஷ்பம் என்னிடம் சொன்னாள், மாதவிடாய் நின்று பதினைந்து வருடம் ஆனவளுக்கு மறுபடி ரத்தம் போகிறது என்று. டவுன் கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். டாக்டர் சின்னப் பெண். மலாய்ப் பிள்ளை, என் பேத்தி வயதுதான் இருக்கும். மரியபுஷ்பம் எல்லாவற்றையும் என்னிடம் தமிழில் சொன்னாள். நான் டாக்டரிடம், "சாக்கிட் பெருட்" என்றேன். வயிற்று வலி. அவ்வளவுதான். அந்தப் பிள்ளையிடம் ரத்தம் என்று சொல்ல என் வாய் வரவில்லை.

வயிற்றுக்கு வெள்ளை மருந்து கொடுத்தார்கள். நான்கு முறை போனோம். நான்கு முறையும் அதையே சொன்னேன். கடைசி முறை அவள் கிளினிக்கிலேயே மயங்கி விழுந்தாள். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, மிகவும் குறைவு என்று பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள். எட்டு மாதம், அம்மா.

அன்று உங்களிடம் அவள் "என் புருஷன் ஒவ்வொரு தடவையும் சொன்னாரே" என்று சொன்னாளா? "அவர் சொல்லவே இல்லை" என்று டாக்டர் சொன்னாரா? எனக்கு அது மட்டும் தெரிய வேண்டும்.

இதோடு இன்னொரு கடிதம் வைத்திருக்கிறேன். மரியபுஷ்பத்துக்கு எழுதியது. அவளுக்குப் படிக்கத் தெரியாது. 26ஆம் தேதி அவள் பரிசோதனை முடிவு கேட்க வரும்போது அதை நீங்கள் அவளுக்குப் படித்துக் காட்டிவிடுங்கள். நான் வெளியே உட்கார்ந்துகொள்கிறேன்.

சவரிநாதன்


புக்கிட் பெருவாங்
19.3.2025

சவரிநாதன் ஐயா அவர்களுக்கு,

உள்ளே இருந்த கடிதத்தைப் பிரிக்கவில்லை. அப்படியே திருப்பி அனுப்புகிறேன். கோபம் வேண்டாம்.

டாக்டர் பேசும் மொழி உங்கள் மனைவிக்குத் தெரியாது. அதனால் நடுவில் நான் இருக்கிறேன். நீங்கள் பேசும் மொழி அவருக்குத் தெரியும். அங்கே எனக்கு இடமில்லை.

நீங்கள் கேட்ட கேள்விக்கும் நான் பதில் சொல்ல முடியாது. ஆம் என்றும் இல்லை என்றும் சொல்ல மாட்டேன். என் மௌனத்திலிருந்து நீங்களாக ஒன்றை ஊகிக்கவும் வேண்டாம்.

ஆனால் என் விஷயம் ஒன்றை நான் சொல்லலாம். வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு இருபத்து நான்கு வயது. ஒரு தோட்டத்துப் பெண் சாட்சிக் கூண்டில் நின்றாள். தன்னை மிரட்டியவன் என்ன சொல்லி மிரட்டினான் என்பதை ஒரு சொல் விடாமல் சொன்னாள். கேட்கவே கூசும் சொற்கள். மாஜிஸ்திரேட் ஆண், வழக்கறிஞர்கள் ஆண்கள், பின்வரிசையில் என் அப்பாவின் நண்பர் ஒருவர் வேறு. நான் "அவன் தகாத வார்த்தைகளால் திட்டினான்" என்று ஆங்கிலத்தில் சொல்லி முடித்தேன். வெறும் திட்டுத்தானே என்று வழக்கைத் தள்ளிவிட்டார்கள். அந்தப் பெண்ணுக்கு ஏன் என்று புரியவில்லை. தான் எல்லாவற்றையும் சொன்னதாகத்தான் அவள் நினைத்துக்கொண்டு போனாள். வெளியே பஸ் நிற்கும் இடத்தில் அவளைப் பார்த்தேன். பக்கத்தில் போகவில்லை.

அதை இதுவரை யாருக்கும் எழுதியதில்லை.

உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. நீங்கள் சொல்ல வேண்டியவர் உங்கள் வீட்டிலேயே இருக்கிறார்.

கிருஷ்ணவேணி


சிம்பாங் அம்பாட்
21.3.2025

அம்மா,

சின்னக் கடிதம்தான். கை ஓடவில்லை.

நேற்று அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்து கடிதத்தைப் பிரித்தேன். "அன்புள்ள மரியபுஷ்பம்" வரை படித்தேன். அவள் நிமிர்ந்து, "என்னங்க, ரெனீ வீட்டுப்பாடம் குடுத்திருக்காளா?" என்றாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். இத்தனை நாளில் அவள் என்னிடம் பேசிய நீளமான பேச்சு அதுதான். அதைக் கெடுக்க மனம் வரவில்லை.

முனுசாமி என்று ஒருவர் லயத்தில் எங்கள் பக்கத்து வீடு. நெஞ்சை யாரோ மிதிப்பது போல இருக்கிறது என்று சொன்னார். நான் டாக்டரிடம் "கொஞ்சம் வலி" என்று சொன்னேன். அது முப்பது வருடத்துக்கு முன்னால். அவர் அந்த வருடமே போய்விட்டார். எதனால் என்று எனக்குத் தெரியாது. இத்தனை வருடம் அதை நினைத்ததே இல்லை. இப்போது எழுத உட்கார்ந்தால் ஒவ்வொருவராக வருகிறார்கள்.

புதன்கிழமை நீங்கள் வருவீர்கள் அல்லவா? வந்துவிடுங்கள்.

சவரிநாதன்


புக்கிட் பெருவாங்
24.3.2025
(விரைவு அஞ்சல்)

ஐயா,

எனக்கு டெங்கி. வீட்டில் படுத்திருக்கிறேன். புதன்கிழமை என்னால் வர இயலாது. இந்தச் சேவையில் தமிழுக்கு இப்போது நான் ஒருத்திதான்.

இதைக் கவனமாக வாசியுங்கள். இது நோயாளியின் ரகசியம் அல்ல. எல்லா நோயாளிக்கும் நான் சொல்வதுதான். நான் இல்லாவிட்டால், கிளினிக்கில் நெருக்கடியாக இருந்தால், உங்களையே பேசச் சொல்லக்கூடும். ஹரி ராயா நோன்புப் பெருநாளுக்கு முந்தைய வாரம். கூட்டம் அதிகமாக இருக்கும். அவர்கள் கெட்ட எண்ணத்தோடு கேட்க மாட்டார்கள். நீங்கள் மறுக்கலாம். தொலைபேசியில் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று உங்கள் மனைவி கேட்கலாம், அவருக்காக நீங்களும் கேட்கலாம். என் எண் அவர்களிடம் இருக்கிறது. போனைப் பக்கத்திலேயே வைத்திருப்பேன். படுத்துக்கொண்டும் மொழிபெயர்க்க முடியும்.

நீங்கள் பேச ஒப்புக்கொண்டால் நல்ல மனதோடுதான் பேசுவீர்கள் என்பது எனக்குத் தெரியும். அதுதான் எனக்குப் பயம்.

கிருஷ்ணவேணி


சிம்பாங் அம்பாட்
27.3.2025

கிருஷ்ணவேணி அம்மாவுக்கு,

காய்ச்சல் குறைந்ததா? பப்பாளி இலைச் சாறு குடிக்கச் சொல்கிறாள் மரியபுஷ்பம். டாக்டர் சொன்னால் மட்டும் குடியுங்கள்.

போனில் நீங்கள் கேட்டது பாதிதான். அதற்கு முன்னால் நடந்ததை எழுதுகிறேன்.

எங்கள் நம்பருக்கு முன்னால் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். இனி உள்ளே போனால் தானாகத் தெரிந்துவிடும், அதற்கு முன் சொல்லிவிட வேண்டும் என்று கடிதத்தை எடுத்தேன். எனக்கு இன்னும் மனதுக்குள் படிக்க வராது. வாய்விட்டுத்தான் வரும். எழுத்தெழுத்தாகக் கூட்டித்தான் வரும். அந்த வராந்தாவில் தமிழர்கள் நிறைய. "உன் ரத்தப் போக்கை நான் டாக்டரிடம் சொல்லவில்லை" என்ற இடம் வந்ததும் சுற்றிலும் பேச்சு நின்றுவிட்டது. எதிரே இருந்த ஒரு அம்மா தலையைக் குனிந்துகொண்டார். எந்த வார்த்தையை ஒரு டாக்டரிடம் சொல்ல வெட்கப்பட்டேனோ, அதை நாற்பது பேருக்குக் கேட்கும்படி படித்துக்கொண்டிருந்தேன். மடித்து வைக்கப் போனேன்.

"முடிங்க. பாதியில நிறுத்தாதீங்க" என்றாள்.

முடித்தேன். திரையில் எங்கள் நம்பர் வந்தது.

உள்ளே, அன்று நீங்கள் பேச வந்தபோது இருந்த அதே டாக்டர்தான். நோன்பில் உதடு காய்ந்திருந்தது. மொழிபெயர்ப்பாளருக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு, "பாக்சிக் போலே தோலோங் சக்காப்?" என்று என்னைக் கேட்டார். பெரியவரே, நீங்கள் பேசி உதவ முடியுமா என்று. என்னை இப்படி யாராவது கேட்டால் என் முதுகு தானாக நிமிரும். நேற்றும் நிமிர்ந்தது. போலே என்று சொல்ல வாயும் திறந்துவிட்டது.

"தா போலே, டாக்டர்" என்றேன். முடியாது.

என் வாழ்க்கையில் ஒரு டாக்டரிடம் அப்படிச் சொன்னது அதுதான் முதல் முறை. அவர் ஆச்சரியமாகப் பார்த்தார். எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன், இவள் நீளமாகப் பேசுவாள், நான் குட்டையாகச் சொல்வேன், அது நல்லதில்லை, போன் வேண்டும் என்று. வெளியே போகக் கதவைப் பிடித்தேன். மரியபுஷ்பம், "இருங்க. ஆனா வாயைத் தொறக்கக் கூடாது" என்றாள்.

மிச்சம் உங்களுக்குத் தெரியும். கருப்பையில் புற்று என்று டாக்டர் சொன்ன பிறகு அவள் அந்தக் கேள்வியைக் கேட்டபோது நான் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். "எட்டு மாசம் முன்னாடியே வந்திருந்தா?" டாக்டர் தாளைப் புரட்டிப் பார்த்தார். பிறகு பேசினார். உங்கள் கரகரத்த குரல் போனிலிருந்து வந்தது. "அப்போது புற்று இதைவிடச் சிறியதாக இருந்திருக்கலாம். உறுதியாகச் சொல்ல முடியாது. பரவியிருக்கிறதா என்பது கருப்பையை எடுத்துப் பார்த்த பிறகுதான் தெரியும்." நீங்கள் ஒரு சொல்லையும் மென்மையாக்கவில்லை. என்னைப் பேசச் சொல்லியிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்குத் தெரியும். ஒன்றும் இல்லையாம், சின்ன ஆபரேஷன்தானாம் என்று சொல்லியிருப்பேன். அவளும் தலையாட்டியிருப்பாள்.

ஆபரேஷனுக்கு ஏப்ரல் 8 என்று தேதி கொடுத்திருக்கிறார்கள். ஹரி ராயா முடிந்து, எங்கள் ஈஸ்டருக்கு முன்னால்.

பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. பை அதே ஆணியில் இருக்கிறது.

சவரிநாதன்


சிம்பாங் அம்பாட்
6.4.2025

கிருஷ்ணவேணி அம்மாவுக்கு,

இந்தக் கடிதம் என்னுடையது இல்லை. என் கை மட்டும்தான். மரியபுஷ்பம் சொல்லச் சொல்ல எழுதுகிறேன். "நான் சொல்றத அப்படியே எழுதுங்க, கத்தரிக்காதீங்க" என்று சொல்லியிருக்கிறாள். ஒரு வரி எழுதி முடிக்கும்வரை அடுத்ததைச் சொல்லாமல் காத்திருக்கிறாள். இனி வரும் "நான்" அவள்.

அம்மா, வணக்கம். நல்லா இருக்கீங்களா? காய்ச்சல் போச்சா? நான் மரியபுஷ்பம் பேசுறேன்.

இவரு பத்து நாளா என் மூஞ்சியையே பார்த்துக்கிட்டு இருக்காரு. கோபமான்னு கேக்க பயம். கோபம்தான். எழுதுங்க, கோபம்தான். ஆனா ஒண்ணு சொல்லணும். கிளினிக்குல நான் பக்கத்துலதானே இருந்தேன். நான் அவ்வளவு நேரம் சொன்னேன், இவரு ரெண்டு வார்த்தையில முடிச்சாரு. மலாய் தெரியாட்டியும் எது நீளம் எது குட்டைன்னு எனக்குத் தெரியாதா? மொத நாளே தெரிஞ்சிருச்சு, இவரு அதைச் சொல்லலைன்னு. நானும் சும்மா இருந்துட்டேன். அப்பாடா, சொல்லலையேன்னு இருந்துச்சு. எனக்கும் வெட்கம்தான் அம்மா. ரெண்டு பேரும் சேர்ந்துதான் எட்டு மாசத்த விட்டோம். அன்னைக்கு உங்கள வச்சுக்கிட்டு நான் அழுதது அதுக்குத்தான். அத இவருகிட்ட நீங்க சொல்லல பாருங்க, அதுக்கு நன்றி.

வராந்தாவுல எல்லாருக்கும் கேக்குற மாதிரி படிச்சாரு. மானம் போச்சு. பரவால்ல. கேட்டவங்க வீட்டுல யாருக்காவது உதவட்டும்.

நான் மன்னிச்சிட்டேன்னு இவரு எழுதப் பார்க்குறாரு. எழுதாதீங்க. நான் அத இன்னும் சொல்லல. ஆபரேசன் முடிஞ்சு கண்ண முழிச்சு, என்ன இருக்குன்னு டாக்டர் சொல்லட்டும். அப்புறம் பார்த்துக்கலாம்.

செவ்வாக்கிழமை நீங்க வரணும். மயக்க மருந்து குடுக்குறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட எனக்கு ஒண்ணு சொல்லணும். இப்பவே சொல்லி வைக்கிறேன், அப்ப வாய் வருமோ வராதோ. எனக்குப் பயமா இருக்கு. ரொம்பப் பயமா இருக்கு. அத அப்படியே சொல்லுங்க. தைரியமா இருக்கேன்னு மாத்திச் சொல்லிடாதீங்க.

என்னங்க, எழுதிட்டீங்களா? எங்க, படிச்சுக் காட்டுங்க.

படித்துக் காட்டினேன், அம்மா. இரண்டாவது "பயமா இருக்கு" விட்டுப் போயிருந்தது. கேட்டாள். இடையில் நுழைத்து எழுதிவிட்டேன்.

சவரிநாதன்

இதற்குக் கீழே இருக்கும் விரல் ரேகை மரியபுஷ்பத்துடையது.